காமிரா எவர் தோளில்?

வீரக் காட்சியை விரும்பாத இளைஞர் உண்டா? பாய்ந்தோடும் பரி, பள்ளத்தாக்கின்மீது ஊசலாடும் பாலம், விழப்போகும் வேளையில் நீளும் ஒரு கை, கொடியவன் வீழ்ந்ததும் கொட்டகை அதிரக் கைத்தட்டல்! நெஞ்சம் நிமிர்கிறது, நாளெல்லாம் உழைத்த களைப்புப் பறக்கிறது. அந்த மகிழ்ச்சியைப் பறிக்க நாம் வரவில்லை. வாழ்க்கை தர மறுத்த வெற்றியை இரண்டு மணி நேரத்துக்கேனும் திரை தருகிறது. அதைக் குற்றம் என்போர் கலையையும் அறியார். எளியோரின் உள்ளத்தையும் அறியார்.

ஆயினும் ஓர் ஐயம் நமக்கு உண்டு. புராணப் படம் என்றால் நம் இளைஞர் விழிப்போடு அமர்கிறார். பாற்கடல் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். பத்துத் தலைகளோடு ஒருவன் எப்படிப் படுத்து உறங்கினான் என்று கேட்கிறார். சாகசப் படம் என்றாலோ, கோயில் வாயிலில் செருப்பை விடுவதுபோலக் கொட்டகை வாயிலில் கேள்வியை விட்டுவிட்டு உள்ளே செல்கிறார். புராணம் 'என்னை நம்பு' என்று கேட்கிறது. கேட்பதனாலேயே மறுக்கவும் முடிகிறது. சாகசம் 'என்னோடு மகிழ்' என்று மட்டுமே கேட்கிறது. மகிழ்ந்து முடித்து வீடு திரும்பும்போது, கேட்காமலே வைக்கப்பட்ட நம்பிக்கைகள் நம் சட்டைப் பையில் இருக்கின்றன. அவை எவை, எந்தத் தந்திரத்தால் நுழைந்தன என்று ஆராய்வது பகுத்தறிவாளரின் கடமை.

ஒரு படம், ஒரு பாடம்

உலகெங்கும் ஓடிப் பெரும்பொருள் ஈட்டிய ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். 1984-இல் வெளிவந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்டு தி டெம்பிள் ஆஃப் டூம்', அதாவது அழிவுக் கோயில். இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். கதை ஜார்ஜ் லூகாஸ். நாயகன் ஹாரிசன் ஃபோர்டு. காட்சித் தந்திரங்களுக்காக ஆஸ்கர் பரிசு பெற்ற படம். கொட்டகையைவிட்டுப் போன பின்னும் மறையவில்லை. இன்று கைப்பேசித் திரையிலும் காணக் கிடைக்கிறது.

கதை 1935-இல் நடக்கிறது. தொல்பொருள் ஆராய்ச்சிப் பேராசிரியரான நாயகன், ஒரு பாடகியோடும் ஒரு சீனச் சிறுவனோடும் வட இந்தியச் சிற்றூர் ஒன்றில் வந்து சேர்கிறான். ஊர் வறண்டு கிடக்கிறது. காரணம் என்ன? ஊரைக் காத்த புனிதக் கல்லை அரண்மனையார் கவர்ந்து சென்றனராம். குழந்தைகளையும் கொண்டு போயினராம். அரண்மனைக்கு அடியில் காளிக்கு நரபலி கொடுக்கும் தக்கர் கூட்டம் ஒளிந்திருக்கிறது. பூசாரி உயிரோடு இருப்பவன் மார்பில் கைவிட்டு இதயத்தைப் பறிக்கிறான். சுரங்கத்தில் குழந்தைகள் சாட்டையடி பட்டு உழைக்கின்றனர். நாயகன் போராடுகிறான், குழந்தைகளை விடுவிக்கிறான், கல்லை மீட்கிறான். இறுதியில் பிரிட்டிஷ் படை வந்து துப்பாக்கி முழங்க எஞ்சியவரை அடக்குகிறது. கல் ஊர் திரும்புகிறது. ஊர் பசுமை பெறுகிறது. சுபம்!

இந்தக் கதையின் முதல் எழுத்துப்படியைக் கண்ட இந்திய அரசு, மாற்றங்கள் செய்யாமல் இங்கே படம் எடுக்க இசையவில்லை. படக்குழு இலங்கையின் கண்டிப் பகுதிக்குச் சென்றது. கோயிலின் உட்புறம் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ நிலையத்தில் எழுந்தது. வட இந்தியச் சிற்றூர் என்பது கதை. அவ்வூரார் வாயில் வருவதோ சிங்களம்! மொழி என்பது ஓர் இனத்தின் உயிர் என்று உணர்ந்தவர்கள் நாம். அந்தப் படத்துக்கோ கிழக்கத்திய மொழி எதுவாயினும் ஒன்றே. பொருள் வேண்டியதில்லை, ஓசை இருந்தால் போதும். மொழியைக் கலைத்தவனுக்கு மனிதனைக் கலைப்பது அரிய செயலா?

முகம் உடையோர், முகம் அற்றோர்

திரைக்கலையின் முதல் ஆயுதம் அண்மைக் காட்சி. ஒருவர் முகத்தைத் திரை நிறையக் காட்டும்போது, அவர் கண்ணில் தோன்றும் அச்சம் நம் அச்சம் ஆகிறது. தொலைவிலிருந்து ஆயிரம் பேரைக் காட்டும்போது, அவர்கள் மனிதராகத் தோன்றுவதில்லை. அலையாக, காடாக, பூச்சிக் கூட்டமாகத் தோன்றுகின்றனர். இது கலையின் இயல்பு. எவருடைய சூழ்ச்சியும் அன்று. ஆனால் எவருக்கு அண்மை, எவருக்குத் தொலைவு என்று முடிவு செய்வது கலையின் இயல்பு அன்று, கலைஞனின் தேர்வு.

அழிவுக் கோயிலில் அந்தத் தேர்வைப் பாருங்கள். நாயகனின் முகத்தில் விழும் ஒவ்வொரு கீறலும் அண்மையில் தெரிகிறது. அவனை எதிர்க்கும் காவலர் பாறையிடுக்கில் நசுங்குகின்றனர், பாதாளத்தில் விழுகின்றனர். எவர் பெயரும் நமக்குத் தெரியாது. எவருக்கு மனைவி, எவருக்கு மகன் என்று கேட்கத் தோன்றாது. பலிபீடத்தின் முன் நிற்கும் பக்தர் கூட்டம் ஒரே குரலில் முழங்குகிறது, ஒரே வீச்சில் கை உயர்த்துகிறது. கீழிருந்து எழும் சிவப்பு ஒளி, தாழ்ந்த இடத்திலிருந்து மேல்நோக்கும் காமிரா, அச்சுறுத்தும் குழுப்பாட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்த மனிதனும் பேய் ஆவான். பூசாரியாக நடித்த அம்ரீஷ் பூரி திறமை மிக்க நடிகர். குறை அவர் மீது அன்று. அவர் முகத்தின் கீழே விளக்கை வைத்த கண்ணோட்டத்தின் மீதே.

நாயகனும் ஒருமுறை அக்கூட்டத்தில் ஒருவன் ஆகிறான். குருதியைக் குடிக்க வைத்து அவன் அறிவை மயக்கிவிடுகின்றனர். தீவட்டியால் சுட்டதும் தெளிகிறான். மயங்கிக் கிடந்த சிறுவன் அரசனுக்கும் அதே சூடு கிடைக்கிறது; அவனும் தெளிகிறான். எதிரில் திரண்டு நிற்கும் மக்களுக்கோ அந்தச் சூட்டைக் கொடுப்பார் இல்லை. அவர்களுக்கும் அறிவு இருந்தது, அது மயக்கப்பட்டது, தெளிய வைக்கலாம் என்ற எண்ணமே படத்தில் இல்லை. அவர்கள் பிறவியிலேயே மயங்கியவர்கள் என்று விட்டுவிடுகிறது. எவனையும் எழுப்பலாம் என்பதுதானே பகுத்தறிவு இயக்கத்தின் அடிப்படை? அந்த அடிப்படையையே இந்த ஒளியும் ஒலியும் அரித்துவிடுகின்றன.

அரண்மனை விருந்தையும் மறக்க இயலாது. பாம்பின் வயிற்றைக் கிழித்து உயிருள்ள குட்டிகள், வண்டுகள், கண்விழி மிதக்கும் சாறு, குரங்கின் மூளை! இந்திய அரண்மனை எதில் இப்படி விருந்து வைத்தார்கள்? இதே படம், சிற்றூரார் தம் பசியையும் பொருட்படுத்தாமல் விருந்தினர்க்கு உணவளிப்பதை முன்னே காட்டியது. அந்தக் காட்சி உண்மையின் ஓரத்தைத் தொட்டது, பாராட்டுவோம். ஆனால் பசியால் வாடும் நாட்டை அரை மணி நேரத்துக்குள் அருவருப்பின் நாடாக மாற்றிவிட்டது சிரிப்பு. இரக்கம் மறைந்தது, குமட்டல் நின்றது. நகைச்சுவை எவ்வளவு வலிய ஆயுதம் என்பதற்கு இதுவே சான்று.

வேகம் என்னும் திரை

திறமையைத் திறமை என்று சொல்ல நமக்குத் தயக்கம் இல்லை. சுரங்க வண்டித் துரத்தல் காட்சி திரைக்கலையின் அருஞ்செயல்களில் ஒன்று. ஆள் ஏறும் வண்டிகளை நிலையத்தில் ஓட்டி ஒரு பகுதியை எடுத்தனர். மற்றொரு பகுதிக்குச் சின்னஞ்சிறு சுரங்கம் ஒன்றைக் கட்டி, அதில் பொம்மைகள் அமர்ந்த பொம்மை வண்டிகளை ஓட்டினர். பெரிய படக்கருவி அந்தச் சிறுகுகைக்குள் நுழையாது. ஆகவே நிக்கான் நிழற்படக் கருவி ஒன்றை மாற்றியமைத்து, சட்டம் சட்டமாகப் படம் பிடித்தனர். இரண்டையும் ஒட்டிய தையல் தெரியாதபடி தொகுத்தனர். உழைப்பும் அறிவும் கைகோத்த வேலை!

அந்த வேகம் நமக்கு இன்னொன்றையும் செய்கிறது. ஒரு காட்சி கண்ணில் பதிவதற்குள் அடுத்தது வருகிறது. கேள்வி பிறக்க வேண்டிய இடைவெளியைத் தொகுப்பாளரின் கத்தரி எடுத்துக்கொள்கிறது. அந்தத் தண்டவாளம் ஓடும் சுரங்கத்தில் உழைத்தோர் யார்? சாட்டையடி பட்ட குழந்தைகள். சற்று முன் அவர்களைக் கண்டு கலங்கினோம். இப்போது அதே சுரங்கம் நமக்கு விளையாட்டுத் திடல். கண்ணீர் காயுமுன் கைத்தட்டல்! குழந்தைகள் காவலரை எதிர்க்கும் கணங்கள் சில உண்டு, மின்னி மறைகின்றன. விடுதலை வெளியிலிருந்து வந்தவன் கையால்தான் வரவேண்டும் என்பது கதையின் சட்டம்.

கல் வென்றது, கல்வி தோற்றது

இங்கே நம்மை நோக்கி ஒரு கேள்வி எழும். "நீங்கள்தாமே மூடநம்பிக்கையைச் சாடுகிறீர்கள்? நரபலியையும் பூசாரியையும் வெள்ளைக்காரன் தோலுரித்துக் காட்டினால் மகிழ வேண்டியதுதானே? காளிக்கு வக்காலத்து வாங்குவது எப்போது தொடங்கியது?"

நல்ல கேள்வி. காளிக்காக ஒரு சொல்லும் நாம் எழுதவில்லை. அந்தப் படம் மூடநம்பிக்கையைச் சாடுகிறதா என்றுதான் கேட்கிறோம். முடிவைப் பாருங்கள். கயிற்றுப் பாலம் அறுந்து தொங்குகிறது. நாயகன் சிவன் பெயரைச் சொல்ல, கற்கள் தாமே கனன்று எரிகின்றன. பூசாரி கையைச் சுட்டுக்கொண்டு முதலைக்கு இரையாகிறான். கல் ஊர் திரும்பியதும் வறண்ட நிலம் தழைக்கிறது. நம்பாதவனாகப் புறப்பட்ட பேராசிரியர், கல்லின் ஆற்றலை உணர்ந்துவிட்டதாக ஊர்ப் பெரியவரிடம் ஒப்புக்கொள்கிறார்! கெட்ட தெய்வத்தை நல்ல தெய்வம் வென்றது; அவ்வளவே. ஆராய்ச்சி தோற்றது, அற்புதம் வென்றது. இது மூடநம்பிக்கைக்கு எதிரான படம் என்றால், கந்த புராணமும் பகுத்தறிவு நூல்தான்!

வறட்சிக்குக் காரணம் கல் காணாமற் போனது என்கிறது படம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளையும் வாட்டிய பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மழை பொய்த்தது உண்மை. ஆனால் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதே தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. பசியின் கணக்கு வரியில் இருந்தது, விலையில் இருந்தது, ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியின் படைத்தலைவனோ படத்தில் விருந்தாளியாக வந்து மீட்பனாகத் திரும்புகிறான். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன் மாலையோடு மேடையில் நிற்கிறான்!

கதை நடந்ததாகச் சொல்லும் 1935-இல் இந்த நாட்டில் நடந்தவை என்ன? ஈரோட்டுப் பெரியார் 1925-இல் தொடங்கிய 'குடி அரசு' பத்தாண்டுகளாக மூடநம்பிக்கையின் வேரை வெட்டிக்கொண்டிருந்தது. அந்த 1935-இல்தான் எழுத்துச் சீர்திருத்தத்தையும் கைக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று டாக்டர் அம்பேத்கர் அறிவித்தார். நாடெங்கும் வாதம், எதிர்வாதம், மாநாடு, மறியல்! சிந்தனை கொதித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்த ஆண்டின் இந்தியாவில் படத்துக்குக் கிடைத்தவர் இருவகையினரே: பலியிடுவோர், பலியாவோர். சிந்திப்போர் ஒருவரும் கிடைக்கவில்லை! மூடநம்பிக்கையை நாம் சாடுவது, அதை எதிர்க்கும் ஆற்றல் இம்மக்களிடமே உண்டு என்ற உறுதியால். படம் காட்டுவது, அந்த ஆற்றல் கடல் கடந்துதான் வரவேண்டும் என்ற இறுமாப்பை. இரண்டும் ஒன்றாகுமா?

கதையின் நிழல் சட்டத்தில் விழுந்தது

"வெறும் படம், இதனால் யாருக்கு என்ன கேடு?" என்போர்க்கு ஒரு வரலாறு சொல்வோம்.

தக்கர் கதை 1984-இல் பிறந்ததன்று. 1939-இல் வந்த 'கங்கா தின்' படத்திலும் அதே தக்கர், அதே காளி, அதே பிரிட்டிஷ் வீரர். கலிபோர்னியாவின் லோன் பைன் பாறைகள் இந்திய எல்லை மலைகளாக நடித்தன. சாம் ஜாஃபி என்ற அமெரிக்கர் இந்தியத் தண்ணீர்க்காரனாக நடித்தார். தன் இனத்தாருக்கு எதிராக ஆங்கிலப் படையை எச்சரித்துச் சாகிறான் அந்தத் தண்ணீர்க்காரன். செத்தபின் கார்ப்பரல் பதவி பரிசு! வங்காளத்திலும் பம்பாயிலும் அப்படத்தைத் தடை செய்தனர். அதற்கும் வேர், 1830-களில் ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி நடத்திய தக்கர் வேட்டை. வழிப்பறிக் கொலைகாரர் இருந்தனர், மறுப்பார் இல்லை. ஆனால் அப்ரூவராக மாறியோர் வாக்குமூலத்தையே பெரிதும் நம்பி, நாடளாவிய காளிபக்தக் கொலைக்கூட்டம் என்று ஓவியம் தீட்டியதை இன்றைய வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். 1836-இன் சட்டப்படி, தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று மெய்ப்பித்தாலே ஆயுள் தண்டனை. இன்ன குற்றம் செய்தான் என்று காட்ட வேண்டியதில்லை!

பிறப்பாலும் கூட்டத்தாலும் குற்றவாளி என்ற அந்த எண்ணம் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டமாக வளர்ந்தது. 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. ஒரு குடியில் பிறந்த ஒரே காரணத்துக்காக ஆடவர் கைரேகை பதிக்க வேண்டும், இரவில் காவலர் கண்முன் கிடக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் அந்த இழிவை எதிர்த்துத் திரண்ட பிரமலைக் கள்ளர் மக்கள் மீது துப்பாக்கி வெடித்தது, பலர் மாண்டனர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. முகமற்ற கூட்டம் என்று ஒரு மக்களைக் காட்டப் பழகிய கண், அவர்களைச் சுடவும் கூசுவதில்லை. திரையில் எண்ணப்படாத பிணங்களுக்கும் தெருவில் எண்ணப்படாத பிணங்களுக்கும் உள்ள உறவு இதுதான்.

சேலத்தில் ஒரு மறுமொழி

அப்படியானால் சாகசப் படம் என்ற வகையே தீயதா? இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் தந்த 'மந்திரி குமாரி' அதற்குச் சான்று. கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடல், இயக்கியவர்களுள் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். வாள்வீச்சு உண்டு, வழிப்பறி உண்டு, மலையுச்சி உண்டு. வேகத்துக்கும் விறுவிறுப்புக்கும் குறைவில்லை. ஆனால் கொள்ளைக்காரன் யார்? காட்டில் வாழும் பெயரற்ற குலத்தான் அல்லன். அரசவையில் வீற்றிருக்கும் இராஜகுருவின் மகன்! குற்றத்தைக் குடிசையில் தேடாமல் கோபுரத்தின் நிழலில் தேடியது அந்தப் படம். மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல நினைக்கும் கணவனை, மந்திரியின் மகள் தன் அறிவால் வென்று தானே கீழே தள்ளுகிறாள். குண்டலகேசியின் பழங்கதை புதுப்பொருள் பெற்றது. அழிவுக் கோயிலின் பாடகியோ காட்டில் அலறுகிறாள், பாலத்தில் அலறுகிறாள். அவள் தொழில் அலறுவதே.

அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-இல் அமெரிக்கரோடு கூட்டாக எடுத்த 'தி ஜங்கிள்' படத்தில், இந்திய இளவரசியாக வந்தவர் மேரி வின்ட்சர் என்ற அமெரிக்க நடிகை! நம் யானைகள் மயிர்ப்போர்வை போர்த்துப் பழங்கால மாமத யானைகளாக நடித்தன. நிலையம் ஒன்று, இடையில் இரண்டே ஆண்டு. மாறியது கருவி அன்று, கண். எனவே, வெள்ளையன் கை பட்டால் தீது, நம்மவர் கை பட்டால் நன்று என்று நாம் சொல்லவில்லை. இறகு செருகி, இலை உடுத்தி, பொருளற்ற ஒலி எழுப்பிக் கூத்தாடும் மலைவாழ் மக்களை நம் தமிழ்ப் படங்களே எத்தனை முறை காட்டியிருக்கின்றன! சிரிப்பதற்கென்றே ஒரு கறுத்த உடல், அடிபடுவதற்கென்றே ஒரு சேரி என்று வைத்திருக்கவில்லையா? ஆலிவுட் நமக்குச் செய்ததை நாம் நம் எளியோருக்குச் செய்கிறோம். அயலானைச் சுட்டும் விரல் நம் பக்கமும் திரும்பட்டும்.

இளைஞர்களே, படம் பாருங்கள், கைத்தட்டுங்கள். கேள்வியை வாயிலில் விடாதீர்கள். உள்ளே அமர்ந்து மூன்று கேட்டுப் பாருங்கள். இங்கே எவருக்கு முகம், எவருக்கு முதுகு? எவர் பேச்சுக்குப் பொருள், எவர் பேச்சு வெறும் ஓசை? எவர் கை விடுதலை தருகிறது, எவர் கை ஏந்தி நிற்கிறது? இம்மூன்றுக்கும் விடை கண்டால் எந்த ஒளியும் உங்கள் அறிவை மயக்காது.

படக்கருவி பெரு முதலாளியின் கையில் மட்டும் இருந்த காலம் போய்விட்டது. இன்று அது ஒவ்வோர் இளைஞனின் சட்டைப் பையிலும் கிடக்கிறது. எடுங்கள். ஆனால் தூக்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: அதை எவர் தோளில் வைத்து உலகைப் பார்க்கப் போகிறீர்கள்? சாட்டையை ஓங்கியவன் தோளிலா, வந்து மீட்டவன் தோளிலா, அல்லது அந்தச் சுரங்கத்தில் பாறையைச் சுமந்த குழந்தையின் தோளிலா?